புலிநகமும் மிட்டாய்க் கூடையும் சரி, சிவாஜி மேலே வந்தது எப்படி?

கூடல்வாசி:

சத்ரபதி சிவாஜி என்றதும் எனக்கு ஞாபகம் வருவது இரண்டே காட்சிதான். புலிநகத்தால் பீஜப்பூர்த் தளபதி அப்சல் கானைக் கிழித்தது, ஆக்ராவில் மிட்டாய்க் கூடைக்குள் உட்கார்ந்து தப்பியது. பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் சொல்லித் தரவில்லை. இப்போது வீடியோக்களில் வருவதும் இதே இரண்டைப் பின்னணி இசை போட்டு நீட்டியதுதான்.

எனக்கு உதைக்கிற இடம் வேறு. அப்பா ஷாஹாஜி பீஜப்பூர் சுல்தானிடம் வேலை பார்த்த தளபதி. மகன் கையில் இருந்தது புனே பக்கத்தில் ஒரு ஜாகீர், அதாவது வேலைக்காகக் கொடுத்த வரி நிலம், அதுவும் அப்பா பெயரில். வடக்கே முகலாயர், தெற்கே பீஜப்பூர். இப்படி ஒரு இடத்தில் பதினாறு பதினேழு வயதுப் பையன் கோட்டைகளை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தால் அடுத்த மாதமே ஒரு படை வந்து கதையை முடித்திருக்க வேண்டுமே. அப்சல் கான் வந்தது 1659-ல். அதுவரை பீஜப்பூர்க்காரர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இன்னொன்று. முடிசூட்டு விழா 1674-ல், அப்போது வயது 44. கோட்டை, படை, வரி எல்லாம் அதற்கு முன்பே கையில் இருந்தனவே, அந்த வயதில் எதற்குத் திடீரென்று கிரீடம்? கோஷமும் வேண்டாம், வசையும் வேண்டாம், படித்தவர்கள் யாராவது விளக்கமாகச் சொல்லுங்கள்.

கோட்டைப்பித்தன்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அந்த ஜாகீர் ஒன்றும் பெரிய சொத்து இல்லை. 1630 வாக்கில் பீஜப்பூர்த் தளபதி முரார் ஜக்தேவ் புனேவைக் கொளுத்திவிட்டுக் கழுதை பூட்டி ஏர் ஓட்டிவிட்டுப் போனான், இனி இங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று. அதோடு சேர்ந்து தக்காணப் பஞ்சம். 1636-ல் முகலாயரும் பீஜப்பூரும் அகமதுநகர் நிஜாம்ஷாஹி ராஜ்யத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒரு சின்னப் பையனை நிஜாம்ஷாவாக உட்கார வைத்து அந்த ராஜ்யத்தைக் காப்பாற்றப் பார்த்தவர் ஷாஹாஜி. தோற்றதும் பீஜப்பூர் அவரைத் தன் வேலையில் சேர்த்துக்கொண்டு கர்நாடகப் பக்கம் அனுப்பிவிட்டது, இருப்பிடம் பெங்களூர். மனைவி ஜீஜாபாயும் மகன் சிவாஜியும் புனேயில். தாதோஜி கொண்டதேவ் என்ற நிர்வாகி ஆட்களைத் திரும்பக் கூட்டி வந்து, முதல் சில வருஷம் வரியைக் குறைத்து, தரிசை உழ வைத்தார். ஓநாயைக் கொன்றால் பரிசு என்றெல்லாம் அறிவித்தாராம். பையன் வளர்ந்தது இந்த வேலைக்கு நடுவில்.

புனேக்கு மேற்கே மாவள் என்ற மலைப்பகுதி. ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு தேஷ்முக் குடும்பம், பரம்பரை வரி உரிமை, ஒருவரோடொருவர் ஓயாத வெட்டுக்குத்து. இவர்களில் சிலரைத் தன் பக்கம் சேர்த்ததுதான் சிவாஜியின் முதல் வேலை. 1646 வாக்கில் தோரணாக் கோட்டை கைக்கு வந்தது. அங்கே ஒரு புதையல் கிடைத்தது என்பார்கள், அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பக்கத்து மலையில் ராஜகட் எழும்பியது. ராய்கட்டுக்கு மாறும் வரை அதுதான் தலைமையிடம்.

பீஜப்பூர் ஏன் சும்மா இருந்தது? சுல்தான் முகமது ஆதில்ஷா 1646-ல் படுத்தவர் சாகும் வரை சரியாக எழுந்திருக்கவில்லை. நல்ல படையெல்லாம் தெற்கே, நம்ம செஞ்சி பக்கம் சண்டையில். மேற்கு மலைக்கோட்டைகளில் காவலுக்குப் பத்து இருபது பேர். அதோடு தலைநகருக்கு ஒரு சுலபமான பிடி இருந்தது: அப்பா தங்களிடம் வேலை பார்க்கிறார். 1648-ல் செஞ்சிக்கு அருகே பாசறையில் வைத்தே ஷாஹாஜியைக் கைது செய்தார்கள். சிவாஜி கொண்டாணாக் கோட்டையைத் திருப்பிக் கொடுத்தார், மறுவருஷம் அப்பா வெளியே வந்தார். அதற்கப்புறம் பல வருஷம் பையன் பெரிதாக வாலாட்டவில்லை. நீங்கள் கேட்ட இடைவெளியில் பாதி இப்படிப் போனதுதான்.

1656-ல் ஜாவ்லி. என்னைக் கேட்டால் அவருடைய எழுச்சியின் திருப்புமுனை அப்சல் கானைவிட இதுதான். மகாபலேஷ்வருக்குக் கீழே அடர்ந்த காடு. கொங்கணக் கடற்கரைக்கு இறங்கும் கணவாய்கள் அங்கேதான். அதை வைத்திருந்தவர்கள் மோரே குடும்பம், அவர்களும் மராத்தாக்கள்தான். அவர்களை அழித்துத்தான் ஜாவ்லியை எடுத்தார், இதை மழுப்ப வேண்டியதில்லை. காடு, காலாட்படைக்கு ஆள், மோரேக்களின் செல்வம் எல்லாம் கிடைத்தன. பிரதாப்கட் அங்கே கட்டியதுதான். பின்னாளில் ராய்கட் ஆன ராய்ரி மலையும் இதோடு வந்ததுதான். அடுத்த வருஷமே கல்யாண், பிவண்டி, அதாவது கடல். அந்த நேரம் பார்த்து ஷாஜஹான் நோயில் விழ, தக்காணத்தில் இருந்த அவுரங்கசீப் சிம்மாசனச் சண்டைக்கு வடக்கே ஓடினார். முகலாய பயம் விட்டது என்றதும்தான் பீஜப்பூருக்கு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க நேரம் கிடைத்தது.

பழங்கணக்கு:

மேலே சொன்னதோடு சேர்த்து அப்சல் கான் விஷயம். கூடாரத்துக்குள் நடந்தது ஐந்து நிமிஷம் இருக்கும். அதற்கு முந்தின மாதங்களைப் பார்க்காமல் அந்த ஐந்து நிமிஷம் புரியாது.

அப்சல் கான் ‘வாய்’ (Wai) என்ற ஊர்ப் பகுதிக்கு ஏற்கெனவே சுபேதாராக, அதாவது ஆளுநராக, இருந்தவர், ஜாவ்லி எப்படிப்பட்ட இடம் என்று தெரியும். சிவாஜியின் அண்ணன் சம்பாஜி கனககிரிச் சண்டையில் செத்ததற்கு இவர்தான் காரணம் என்று போன்ஸ்லே வீட்டில் பகை வேறு. கிளம்பும்போதே மாவள் தேஷ்முக்குகளுக்கு பீஜப்பூரிலிருந்து ஆணை போனது: கானோடு சேருங்கள், இல்லாவிட்டால் குடும்பத்தோடு ஒழிப்போம். கண்டோஜி கோப்டே என்ற தேஷ்முக் போய்ச் சேர்ந்துகொண்டார். காரி ஊர் கான்ஹோஜி ஜேதே தனக்கு வந்த ஆணையை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு நேராக சிவாஜியிடம் போய்க் காட்டினார். உங்கள் பரம்பரை உரிமை போய்விடுமே என்று சிவாஜி கேட்க, கையில் தண்ணீர் வாங்கித் தாரை வார்த்து அந்த உரிமையையே விட்டுவிட்டார். ஜேதே வீட்டுக் குறிப்பிலேயே இது இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷமாக மலையில் சேர்த்து வைத்த உறவு தாங்குமா தாங்காதா என்பது தெரிந்த இடம் இதுதான், கூடாரம் அப்புறம்.

சிவாஜி சமவெளிக்கு வரவே இல்லை. பயந்துபோனவர் மாதிரி தூது விட்டு, கானைக் காட்டுக்குள் வரவழைத்தார். குதிரையும் யானையும் பீரங்கியுமாக வந்த படை, ஒற்றையடிப் பாதையில் நீண்டு நிற்க வேண்டியதாயிற்று. 1659 நவம்பர் 10, பிரதாப்கட் அடிவாரம். ஆளுக்குப் பத்து மெய்க்காவலர் என்று ஒப்பந்தம். சிவாஜி அங்கிக்குள் கவசம், தலைப்பாகைக்குள் இரும்பு. கான் கட்டிப்பிடித்தபடி கழுத்தை நெரித்துக் கத்தியை இறக்கியதும் கவசத்தில் பட்டது, இவர் கைக்குள் இருந்ததை வயிற்றில் செருகினார் என்று மராத்தித் தரப்பு சொல்லும். முதலில் கை வைத்தது சிவாஜிதான் என்று மறுதரப்பு. கானின் காவலன் சையது பண்டா ஓங்கிய வாளை சிவாஜியின் காவலர் ஜீவா மஹாலா தடுத்து வெட்டினார். கோட்டையிலிருந்து பீரங்கிச் சத்தம் கேட்டதும் காட்டுக்குள் பதுங்கியிருந்தவர்கள் பாய்ந்தார்கள். யானை, குதிரை, ஒட்டகம், கஜானா எல்லாம் அப்படியே கைக்கு வந்தன. பதினெட்டாம் நாள் பன்ஹாளாக் கோட்டை விழுந்தது. அவ்வளவு வேகமாக அங்கே போய் நின்றார்கள் என்றால் அதற்கான திட்டம் முன்பே இருந்திருக்கிறது.

கண்டோஜி கோப்டே பிறகு பிடிபட்டார். உயிரை மட்டும் விடுங்கள் என்று கெஞ்சி வாங்கியவர் அதே கான்ஹோஜி ஜேதே. உயிர் மிஞ்சியது, ஒரு கையும் ஒரு காலும் மிஞ்சவில்லை.

கூடல்வாசி:

ஜேதே, கோப்டே விஷயம் எனக்குப் புதுசு. சரி, இவ்வளவு பலம் இருந்தும் 1665-ல் முகலாயத் தளபதி ஜெய்சிங்கிடம் கோட்டைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டாரே. அங்கிருந்து எப்படி மீண்டார்?

சும்மா வாசகன்:

மிர்சா ராஜா ஜெய்சிங் அப்சல் கான் மாதிரி காட்டுக்குள் நுழையவில்லை, அதனால்தான். பக்கத்துச் சிற்றரசர்கள், பழைய தேஷ்முக் பகையாளிகள், கடற்கரையில் ஜஞ்சீராவை வைத்திருந்த ‘சித்தி’ என்ற ஆப்பிரிக்க வம்சத்தார், எல்லாரையும் வளைத்துப் போட்டுவிட்டுப் புரந்தரை முற்றுகையிட்டார். ஏப்ரலில் பக்கத்து வஜ்ரகட் விழுந்தது, புரந்தரில் முராற்பாஜி தேஷ்பாண்டே செத்தார், கோட்டைக்குள் தளபதிகளின் குடும்பங்கள் மாட்டிக்கொண்டிருந்தன. ஜூனில் சிவாஜியே நேரில் போய்ப் பேசினார். 35 கோட்டையில் 23 போயிற்று, அவற்றின் வருமானம் வருஷத்துக்கு 4 லட்சம் ஹொன் (பொற்காசு). மிஞ்சியது 12 கோட்டை, 1 லட்சம் ஹொன். ஐந்தில் நாலு பங்கு வருமானம் ஒரே கையெழுத்தில் போனது.

மறுவருஷம் ஆக்ரா. 1666 மே 12, அவுரங்கசீப்பின் பிறந்தநாள் தர்பார். ஐயாயிரம் மன்சப் என்ற தரத்துப் பதவிக்காரர்கள் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முன்னால் நிற்பது ஜோத்பூர் ராஜா ஜஸ்வந்த் சிங் என்று தெரிந்ததும், என் ஆட்கள் முதுகைப் பார்த்த ஆளுக்குப் பின்னால் நான் நிற்பதா என்று தர்பாரிலேயே சத்தம் போட்டார். ஆம்பேர் அரசரான அதே ஜெய்சிங்கின் காரியஸ்தர்கள் ஆக்ராவிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்களில் அந்த நாள் விவரம் கிடைக்கிறது. அடுத்து வீட்டுக்காவல், கொத்தவால், அதாவது நகரக் காவல் தலைவர், பௌலாத் கானின் காவல் வளையம். கூடைக்கு முன்னால் அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள்: கூட வந்த படையாட்களுக்கு ஊர் திரும்ப அனுமதி கேட்டார். அவுரங்கசீப்புக்கு சந்தோஷம், ஆள் பலம் குறைகிறதே என்று. தப்பும்போது பின்னால் விட்டுச் சாகக் கொடுக்க யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டார். நோய் என்று படுத்து, தினமும் பிராமணர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் பலகாரக் கூடை அனுப்பி, காவலர்கள் திறந்து பார்த்துச் சலித்த பிறகு ஆகஸ்டில் கிளம்பினார். ஹீரோஜி பர்ஜந்த் போர்வைக்குள் மோதிரக் கையை மட்டும் வெளியே போட்டுப் படுத்துக்கொண்டார். ஒன்பது வயது மகன் சம்பாஜியை மதுராவில் ஒரு பிராமணக் குடும்பத்தில் விட்டுவிட்டுப் போனார், பையன் பிறகு வந்து சேர்ந்தான். கூடையில் உட்கார்ந்தாரா, கூடை தூக்குகிறவராக வேஷம் போட்டாரா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள், போடட்டும்.

வந்ததும் பழிவாங்கக் கிளம்பவில்லை. அவுரங்கசீப்புக்குப் பணிவாகக் கடிதம் எழுதினார், 1668-ல் அவர் கையாலேயே ராஜா பட்டம் வாங்கினார், மூன்று வருஷம் நிலம், வரி, கோட்டைக் கணக்கு என்று உட்கார்ந்தார். 1670 பிப்ரவரியில் சிங்ககட்டை தானாஜி மாலுசரே உயிரைக் கொடுத்து எடுத்ததிலிருந்து, கொடுத்த கோட்டைகளில் பெரும்பாலானவை அந்த ஓரிரு வருஷத்தில் திரும்பி வந்தன.

ஒத்துக்கொள்ளாதவன்:

எல்லாம் சரி, சூரத்தை ஏன் யாரும் தொடவில்லை? 1664, அப்புறம் 1670, இரண்டு முறை ஒரு வியாபார ஊரைக் கொள்ளையடித்தார். ஊரின் முகலாய ஆளுநர் இனாயத் கான் கோட்டைக்குள் ஒளிந்துகொண்டான், அடி வாங்கியது ஊர். வீர்ஜி வோரா மாதிரி வணிகர்களின் வீட்டைத் தரைவரை தோண்டினார்கள். பிடித்து வைத்தவர்களின் கையும் தலையும் வெட்டப்பட்டதை அந்தோணி ஸ்மித் என்ற ஆங்கிலேயர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். இதைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறு இல்லை, துதிப்பாட்டு.

பழங்கணக்கு:

நடந்ததுதான், மறுக்கவில்லை. அந்த வெட்டு, சமாதானம் பேச வந்த தூதன் குத்துவாளோடு பாய்ந்த பிறகு நடந்தது என்பதையும், கப்புச்சின் பாதிரியார் வீட்டையும், தர்மவான் என்று பெயரெடுத்துச் செத்துப்போயிருந்த ஒரு தரகர் வீட்டையும் தொடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், அவ்வளவுதான். முகலாயத் தளபதி ஷாயிஸ்தா கான் மூன்று வருஷம் புனேயில் உட்கார்ந்து நாட்டைச் சுரண்டிவிட்டிருந்தான். படைக்குச் சம்பளம் போட வேண்டும். முகலாயப் பணத்தை முகலாயத் துறைமுகத்தில் எடுத்தார். வணிகனுக்கு அந்த நியாயம் ஆறுதல் தராது, அது உண்மை.

ஆனால் சொந்த நாட்டுக்குள் அவர் எப்படி என்றால், 1670-களில் சிப்ளூண் முகாம் அதிகாரிகளுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். மழைக்காலத்துக்கென்று சேர்த்த தீவனத்தை இப்போதே அள்ளிப் போட்டால் குதிரை சாகும், நீங்களே கொன்ற கணக்கு. அப்புறம் குடியானவன் வீட்டில் ஒருவன் தானியம் கேட்பான், ஒருவன் விறகு கேட்பான், ஒருவன் கீரை கேட்பான், முகலாயனே தேவலை என்று ஜனம் நினைக்கும். ராத்திரி விளக்கை அணைக்காமல் தூங்கினால் எலி திரியை இழுத்துக்கொண்டு போய் வைக்கோலில் போடும், லாயமே எரியும். இதுதான் சாரம். எலி வரை யோசித்து ஒரு ராஜா கடிதம் எழுதுகிறார் என்பது எனக்குப் புலிநகத்தைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. கோட்டைக்கு மூன்று அதிகாரிகள், ஹவல்தார், சப்னீஸ், கார்க்கானீஸ், மூவரும் மூன்று சாதி, ஒருவர் கையெழுத்தில் மட்டும் எதுவும் நகராது. விலை பேசி ஒரு கோட்டையை வாங்குவது இதனால் கஷ்டம். அதிகாரிகளுக்கு ஜாகீர் கிடையாது, சம்பளம்தான். ஜாகீர் கொடுத்தால் அவன் மகன் என்ன செய்வான் என்று இவருக்குத் தெரியாதா!

கோட்டைப்பித்தன்:

அந்தக் கடைசி வரியை ரசித்தேன். கிரீடக் கேள்வி நிற்கிறதே, அதையும் முடித்துவிடுகிறேன்.

1674-க்கு முன் சட்டப்படி அவர் யார்? பீஜப்பூர் கணக்கில் கலகம் செய்த ஜாகீர்தார். முகலாயர் கணக்கில் பட்டம் வாங்கிவிட்டு ஏமாற்றிய ஜமீன்தார். அவர் ஒருவனுக்கு நிலம் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அது செல்லுமா? பழைய மராத்தாக் குடும்பங்களோ, நீயும் எங்களில் ஒருவன், உனக்கு ஏன் நாங்கள் எழுந்து நிற்க வேண்டும் என்ற நினைப்பில். இதற்கெல்லாம் ஒரே பதில், யாரும் கொடுக்காத, யாரும் திரும்பப் பிடுங்க முடியாத பட்டம்.

உள்ளூர் பிராமணர்கள் க்ஷத்திரியர் இல்லை என்று முரண்டு பிடித்தார்கள். காசியிலிருந்து காகா பட்டர் வந்தார், மேவார் சிசோதியா வம்சம் என்று வம்சாவளி காட்டப்பட்டது. 44 வயதில் பூணூல் போட்டு, ஏற்கெனவே கட்டிய மனைவிகளையே வேத முறைப்படி மறுபடி கல்யாணம் செய்து, தங்கத்தில் துலாபாரம் கொடுத்து, ஜூன் 6 ராய்கட்டில் குடை பிடித்தார்கள். ராஜாபூரில் கொள்ளை போன சரக்குக்கு நஷ்டஈடு கேட்டு வந்திருந்த ஆங்கிலேயத் தூதர் ஹென்றி ஆக்ஸிண்டன் வாசலில் நின்ற யானைகளைப் பார்த்து, இந்தச் செங்குத்து மலைமேல் இவற்றை எப்படி ஏற்றினார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டார். பதினோராம் நாள் ஜீஜாபாய் அடிவாரத்துப் பாச்சாடில் காலமானார். சகுனம் சரியில்லை என்று செப்டம்பரில் நிஸ்சல்புரி கோஸாவி தாந்திரிக முறையில் இரண்டாவது முறை செய்தார். செலவு கன்னாபின்னா. மூன்றே வருஷத்தில் தெற்கே படை கிளம்பியதில் பணத்துக்கும் பங்கு உண்டு.

தஞ்சைக்காரி:

அந்தத் தெற்குப் படையெடுப்பு எங்கள் ஊர்க் கதை, அதனால் நுழைகிறேன்.

1677-ல் கோல்கொண்டா சுல்தானோடு உடன்பாடு போட்டுக்கொண்டு வந்தார். செஞ்சி உடனே கிடைத்தது. வேலூர் கிடைக்கவில்லை, எதிர்க்குன்றுகளில் கோட்டை கட்டிப் பீரங்கி ஏற்றி, அது 1678 வரை இழுத்தது. பீஜப்பூர் அதிகாரி ஷேர் கான் லோடி திருவதிகையில் தோற்று ஓடினார். அப்புறம் கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் பாசறை. தஞ்சாவூரைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்தவர் அவருடைய மாற்றாந்தாய் தம்பி ஏகோஜி, மராத்தியில் வெங்கோஜி. அழைத்துப் பல நாள் உபசரித்தார், பேச்சு அப்பா சொத்தில் பாதி என்று வந்ததும் தம்பி ஒரு ராத்திரி ஆற்றைக் கடந்து தஞ்சாவூருக்கே ஓடிவிட்டார். அண்ணன் கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்ததை எடுத்துக்கொண்டு கிளம்பினார், தஞ்சாவூரைத் தொடவில்லை.

செஞ்சியைச் சும்மா விட்டுப் போகவில்லை என்பதுதான் முக்கியம். பழைய சுவர்களை இடித்துப் புதிதாக மதில், அகழி என்று அவர் கட்டியதை அந்திரே பிரெய்ரே என்ற ஏசு சபைப் பாதிரியார் அப்போதே எழுதியிருக்கிறார். 1680 ஏப்ரல் 3 சிவாஜி ராய்கட்டில் இறந்தார். 1689-ல் அவுரங்கசீப் சம்பாஜியைக் கொன்று ராய்கட்டையும் எடுத்தபோது, இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து சேர்ந்தது செஞ்சிக்குத்தான். 1698 வரை முகலாயப் படை அதைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. சிவாஜியோடு இருந்த கிருஷ்ணாஜி அனந்த் சபாசத், அவர் வாழ்க்கையை மராத்தியில் எழுதியதும் அந்த முற்றுகைக் காலத்தில், செஞ்சியில் வைத்துத்தான். 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராத்தாக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். பார்க்க வேண்டும் என்றால் புனே வரை போக வேண்டியதில்லை, திண்டிவனத்தில் பஸ் மாறினால் போதும். வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள், ராஜகிரி கால் வாங்கும்.

கூடல்வாசி:

ஏகோஜி ஓடினாரே, அண்ணன் தம்பி அப்புறம் பேசிக்கொள்ளவே இல்லையா?

தஞ்சைக்காரி:

பேசினார்கள். அண்ணன் போனதும் ஏகோஜி படை அனுப்பி, வாலிகண்டபுரத்தில் சண்டை போட்டுப் பார்த்துத் தோற்றார். நடுவில் நின்று சமாதானத்துக்கு வழி பண்ணியது ஏகோஜியின் மனைவி தீபாபாய். ஒப்பந்தத்தில் பெங்களூரும் அதைச் சுற்றிய ஊர்களும் தீபாபாய்க்குச் சீதனம் மாதிரி, அந்த அம்மாள் பேரிலேயே எழுதப்பட்டன. ஏகோஜி அதற்குப் பிறகும் மனம் விட்டுப்போய், சாமியார் மாதிரி எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்துவிட்டாராம். அதைக் கேள்விப்பட்டு சிவாஜி ஒரு கடிதம் போட்டார்: இது வைராக்கியத்துக்கான வயதா, படையைச் சும்மா உட்கார வைத்துத் தின்னக் கொடுக்காதே, எழுந்து வேலையைப் பார் என்கிற மாதிரி.